கரண்டால் மட்டும்தானா, மிஸ்?

விடுதிக்குள் காலடி வைத்த அன்றே ஜீவராஜ் அடி வாங்கினான். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று அடுத்த கட்டில்காரனிடம் கேட்டான், அவ்வளவுதான். கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து கன்னத்தில் இறங்கியது. கடைவாய்ப் பல்லில் நாக்கு சிக்கி வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

அடித்தவன் யாரென்று திரும்பிப் பார்த்தபோதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. சுதாகரன். ஜீவராஜின் தேயிலைத் தோட்டத்திலேயே கீழ்ப்பிரிவில் இருக்கும் வீரய்யாவின் மகன். இரண்டாம் ஆண்டில் படிக்கிறவன். ஜீவராஜின் பெட்டியைக் கட்டும்போது அவன் அம்மா நாகலெட்சுமி, நம்ம வீரய்யா மகன் அங்கதானே இருக்கான், அவன் பாத்துக்குவான் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறக்கப்படாது," என்றான் சுதாகரன். "நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் ஒருத்தனோட பேசப்படாது. வெளங்குச்சா?"

ஜீவராஜ் தலையாட்டினான். அதற்கும் ஓர் அடி விழுந்தது. கேட்டால் வாயால் பதில் சொல்ல வேண்டுமாம்.

திம்புள்ளப் பக்கத்து மலையொன்றின் உச்சியில் இருந்தது அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி. நாலா பக்கமும் தேயிலை. கீழே ஓர் ஓடை, அதற்கும் கீழே தார் ரோடு. அங்கே புதியவர்களை வதைக்கிற பகிடிவதை என்பது வந்த முதல் வாரத்தோடு முடிகிற விளையாட்டு அல்ல. முதலாம் ஆண்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது. நூலகத்தில் சேர்ந்து உட்காரக்கூடாது. விரிவுரையாளர்களிடம் கேள்வி கேட்கக்கூடாது. அவர்களுடைய குவார்ட்டர்ஸ் பக்கம் போகவே கூடாது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. கைப்பேசிகளை முதல் நாளே வாங்கி ஒரு பையில் போட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் எழுந்தால் அந்த மேசைக்காரர்கள் எல்லோரும் சீமெந்துத் தரையில் முட்டி போட்டுச் சாப்பிட வேண்டும். விடுதிப் பொறுப்பாளர் கண்டும் காணாதவர். அவருக்குத் தொல்லையில்லாமல் விடுதி நடந்தால் போதும்.

மின்னியல் படிக்க வந்த ஜீவராஜுக்கு இந்த அடியைவிடப் பெரிய கொடுமை வகுப்பறையில் இருந்தது. பாடம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். அவன் தோட்டத்துப் பாடசாலையில் தமிழில் படித்தவன். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவான், படங்களை அச்சுப்போல வரைவான், ஒன்றும் விளங்காது. முன்னால் இருப்பவனுக்கு விளங்கியிருக்கிறதென்று அவன் கழுத்து ஆடுவதைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கழுத்தைத் தட்டி ஒரு வார்த்தை கேட்க முடியாது. மாதம் ஒன்று இப்படிப் போனதும், பேசாமல் ஊருக்குத் திரும்பி அப்பாவோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போய்விடலாம் என்ற எண்ணம் அவனுக்குள் வேர்விட ஆரம்பித்திருந்தது.

அவனுடைய அறையில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவன் ஸஜ்ஜாத். லிந்துலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹசனின் மகன். பிறந்ததிலிருந்து கடையில் மூன்று பாஷையில் ஆட்களோடு வாயாடி வளர்ந்தவன். மற்றவன் திலின, கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தான். வகுப்பில் எல்லாம் விளங்குகிற கழுத்து அவனுடையதுதான். தமிழ் அரைகுறையாகத் தெரியும்.

முதலில் தாங்க முடியாமல் போனது ஸஜ்ஜாதுக்கு. ஒருநாள் துணி துவைக்க ஓடைக்கு இறங்கியபோது, தண்ணீர் பாறையில் மோதிக் கொட்டுகிற இடத்துக்கு இருவரையும் கண்ணால் கூப்பிட்டான். அங்கே நின்றால் பக்கத்தில் இருப்பவன் கத்தினால்தான் கேட்கும். மேலே இருப்பவனுக்கு எதுவும் எட்டாது.

"வாய மூடிக்கிட்டு ஈக்க எனக்கு ஏலாடா மச்சான்," என்றான். "அடிச்சாலும் பரவாயில்ல. இந்த நியூட்ரல் வயர் எண்டா என்ன? அதுல ஏன் கரண்ட் இல்ல எண்டு சொல்றாங்க? எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல்ல."

திலின சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தான். ஸஜ்ஜாத் அதைத் தமிழாக்கினான். பாதிவரைக்கும் போய்த் திலினவே தடுமாறினான். பாடமாக்கியிருந்தானே தவிர ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. அப்போது ஜீவராஜுக்குத் தான் வரைந்த படம் கண்முன்னால் வந்தது. துணி காயப்போடும் கயிற்றை எடுத்து மூன்று துண்டாக வாளி வளையத்தில் கட்டினான். மூன்று பேரும் மூன்று திசையில் சம இடைவெளியில் நின்று சமமாக இழுத்தார்கள். வளையம் நடுவில் அசையாமல் நின்றது. ஸஜ்ஜாத் பிடியைத் தளர்த்தியதும் வளையம் மற்ற இருவர் பக்கம் ஓடியது.

"மூணு கம்பியும் ஒரே மாதிரி இழுத்தா நடுவுல ஒண்ணும் மிஞ்சாது," என்றான் ஜீவராஜ். "ஒண்ணு கொறஞ்சா, கொறஞ்சதுக்குத்தான் நாலாவது கம்பி வேணும்."

சொல்லி முடித்தபிறகுதான் அது தனக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரிந்தது. திலின அவனை வாயைப் பிளந்து பார்த்தான். ஒரு மாதத்துக்குப் பின் ஜீவராஜ் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. தொண்டை கரகரத்தது.

அதற்குப் பிறகு துணி அழுக்காகிறதோ இல்லையோ, துவைக்கப் போவது அதிகமானது. ஸஜ்ஜாத் வெட்கமில்லாமல் கேள்வி கேட்பான். திலின சிங்களத்தில் பாடத்தைச் சொல்வான். ஜீவராஜ் அதைக் கயிற்றிலோ கல்லிலோ காட்டுவான். ஜீவராஜுக்குச் சிங்களம் வாயில் வர ஆரம்பித்தது. திலினவின் தமிழில் தோட்டத்து வாடை அடித்தது. மற்ற அறைகளிலிருந்தும் சிலர் வாளியோடு வந்து நின்றார்கள்.

ஒருநாள் குமுதினி மிஸ் நடத்திய பாதுகாப்புப் பாடத்தைத் திலின விளக்கிக்கொண்டிருந்தான். பலமான மின்சாரம் பாய்ந்தவன் பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் அவனை விட்டுவிடக் கூடாதாம். உள்ளே சதை சிதைந்து ரத்தத்தில் கலக்கும். அது போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் சாயத்தண்ணி நிறத்தில், பால் விடாத தேநீர்போலப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தப்பமாட்டான்.

"சதை செதையிறது கரண்டால மட்டுந்தானா?" என்று ஜீவராஜ் கேட்டான்.

திலினவுக்குத் தெரியவில்லை. மிஸ்ஸைக் கேட்க வேண்டும் என்றான். மிஸ்ஸைக் கேட்க யாராலும் முடியாது. அந்தக் கேள்வி அங்கேயே நின்றது.

மாதப் பரீட்சைப் புள்ளிகள் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டபோதுதான் வினை வந்தது. ஓடைக்குப் போனவர்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள். ஜீவராஜ் இரண்டாவது. அதே பலகையில், அதே பாடத்தை மறுபடியும் எழுதிய இரண்டாம் ஆண்டுக்காரர்களின் பெயர்களும் இருந்தன. சுதாகரன் மறுபடியும் தவறியிருந்தான். பலகையின் முன்னால் அவன் வெகுநேரம் நின்றதையும், திரும்பி முதலாம் ஆண்டு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததையும் ஜீவராஜ் கண்டான். வாய் பேசாதவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி விளங்கியிருக்கிறது. எப்படி?

அடுத்து வந்த போயா பௌர்ணமி விடுமுறையில் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். பகல் சாப்பாடு முடிந்ததும் ஓடைக்குப் போன அத்தனை பேரையும் பட்டறை மண்டபத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். சீனியர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள். அடிக்கிற விஷயத்தில் அவர்களுக்குள் பாஷைச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

முதலில் பேசத் தொடங்கியவன் யார் என்று சுதாகரன் கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. பேசாதே என்று அடித்தவர்கள் இப்போது பேசு என்று அடித்தார்கள். ஒருவன் தடித்த மின்வடத்தை இரண்டாக மடித்து வைத்திருந்தான். அது முதுகில் இறங்கும்போது சத்தம் முதலில் வரும், எரிச்சல் பிறகு வரும். திலினவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வரிசையில் கடைசியில் நின்ற பையன் ஒருவன் நின்றபடியே காலோடு மூத்திரம் போனான். அதைப் பார்த்ததும் ஸஜ்ஜாத் கையை உயர்த்தினான்.

"நான்தான். மத்தவங்கள விடுங்க."

விடவில்லை. மற்றவர்களைச் சுவரோரம் முட்டி போட வைத்து, ஸஜ்ஜாதை நடுவில் நிறுத்தித் தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள். எண்ணிக்கையை அவனே உரக்கச் சொல்ல வேண்டும். பேச ஆசைதானே, பேசு என்றார்கள். நூறு தாண்டியது. குரல் தேய்ந்தால் ஆரம்பத்திலிருந்து. தொடை நடுங்கி விழுந்தால் வடத்தால் தொடையிலேயே அடி. எழுந்தான், உட்கார்ந்தான், விழுந்தான். எத்தனையாவது தடவை ஆரம்பத்துக்குப் போனான் என்பது யாருக்கும் தெரியாமல் போனது. யன்னலில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டிருந்தது. கடைசியில் அவன் எழும்பவே இல்லை. தரையில் குப்புறக் கிடந்து, போதும் அண்ணே, போதும் அண்ணே என்று முனகினான்.

சுதாகரன் ஜீவராஜின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நடுவில் விட்டான்.

"ஒன் கூட்டாளிதானே. நீ அடி."

ஜீவராஜ் நின்றான். பின்கழுத்தில் வடம் இறங்கியது. இன்னொன்று. மூன்றாவது காதுமடலைக் கிழித்தது. அவன் குனிந்து ஸஜ்ஜாதின் கன்னத்தில் கையை வைத்தான். அடிபோல் அல்ல, தட்டுவதுபோல. சீனியர்கள் சிரித்தார்கள். அது அடியில்லை, இதுதான் அடி என்று சுதாகரன் செய்து காட்டினான், ஜீவராஜின் கன்னத்திலேயே. ஸஜ்ஜாத் தரையிலிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தான். வீங்கிய உதட்டால், அடிச்சிரு மச்சான் என்றான். ஜீவராஜ் அடித்தான். உள்ளங்கையில் ஸஜ்ஜாதின் வியர்வையும் எச்சிலும் ஒட்டின. அதன்பின்தான் கதவைத் திறந்தார்கள்.

மறுநாள் காலை ஸஜ்ஜாதுக்குக் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட முடியவில்லை. தொடை இரண்டும் மரம்போல் இறுகிப் புடைத்திருந்தன. தொட்டாலே பல்லைக் கடித்தான். சாப்பிட்டதைச் சத்தி எடுத்தான். ஜீவராஜும் திலினவும் தோளில் போட்டுக் கழிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். அவன் சுவரில் சாய்ந்து நின்று மூத்திரம் போனதை ஜீவராஜ் பார்த்தான். வெள்ளைப் பீங்கானில் அது சாயத்தண்ணிபோல் கறுஞ்சிவப்பாக ஓடியது.

ஜீவராஜ் திலினவைப் பார்த்தான். திலினவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொறுப்பாளர் காலையிலேயே திரும்பியிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னபோது, ஓடியாடினால் உடம்பு வலிக்கத்தான் செய்யும், கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்கு, கல்லூரியின் பெயரைக் கெடுக்க வந்தீர்களா என்று கதவைச் சாத்தினார். விடுதி வாசலில் இரண்டு சீனியர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கைப்பேசி இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு ஸஜ்ஜாதுக்கு மூத்திரம் வருவதும் நின்றுபோனது. கண் செருகியது. கூப்பிட்டால் உம்மா என்று மட்டும் சொன்னான்.

"மிஸ்ஸைக் கேக்கணும்," என்றான் ஜீவராஜ்.

திலின கட்டிலின் கீழிருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். தான் இவனைப் பார்த்துக்கொள்வதாகவும், வந்தால் யாரையும் உள்ளே விடப்போவதில்லை என்றும் தன் தமிழில் சொன்னான். ஜீவராஜ் யன்னலால் இறங்கியதும் உள்ளேயிருந்து அலுமாரியைக் கதவுக்குக் குறுக்கே இழுக்கிற சத்தம் கேட்டது.

விரிவுரையாளர் குவார்ட்டர்ஸ் மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே இருந்தது. ரோட்டு வழியாகப் போனால் கண்ணில் படும் என்று ஜீவராஜ் தேயிலைக்குள் புகுந்தான். மழை பெய்து மண் சேறாகியிருந்தது. பாதித் தூரம் போனபோது மேலே யாரோ விசிலடித்தார்கள். திரும்பிப் பார்த்தான். சுதாகரன் முன்னாலும் இன்னும் இருவர் பின்னாலும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவனும் தோட்டத்தில் பிறந்தவன். தேயிலைக்குள் ஓட அவனுக்கும் தெரியும்.

மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு அருகில் அவனைப் பிடித்தார்கள். சுதாகரன் கையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று இருந்தது. எங்கே போகிறாய் என்றுகூட அவன் கேட்கவில்லை. முதல் அடியைத் தடுக்கத் தூக்கிய இடது கை, முழங்கைக்குக் கீழே முறிந்த சத்தம் ஜீவராஜுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது வாயில் விழுந்தது. முன்பற்கள் நாக்கின்மேல் உதிர்ந்தன. சேற்றில் விழுந்தவனை மற்ற இருவரும் விலாவில் மிதித்தார்கள். அவன் வலது கைக்கு கவ்வாத்தில் வெட்டிப் போட்ட குச்சி ஒன்று அகப்பட்டது. கையை வீசினான். சீவி விட்டதுபோல் கூராக இருந்த குச்சி சுதாகரனின் கன்னத்தைக் கீறிக்கொண்டு போனது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்த அந்த ஒரு நொடியில் ஜீவராஜ் எழுந்து, கானைத் தாண்டி, சரிவில் பாதி உருண்டும் பாதி ஓடியும் குவார்ட்டர்ஸ் வாசல் கம்பியில் போய் மோதினான்.

குமுதினி மிஸ் முற்றத்தில் ரோஜாச்செடிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார். வாயெல்லாம் ரத்தமாக வந்து நின்றவனைக் கண்டு அலறாமல் எழுந்து வந்தார். யாரென்று கேட்டார். ஜீவராஜ் வாயைத் திறந்தான். வகுப்பில் ஒருநாளும் அவரிடம் அவன் வாயைத் திறந்ததில்லை. ஓடைக்கரையில் கற்ற சிங்களம், பல்லில்லாத வாயில் நுரையும் ரத்தமுமாக வந்தது.

"மிஸ், சதை சிதைந்து மூத்திரம் சாயத்தண்ணி மாதிரிப் போறது கரண்டால மட்டும்தானா, மிஸ்? தோப்புக்கரணம் போட்டாலும் அப்படி ஆகுமா?"

அவர் முகம் மாறியது. யாருக்கு, எப்போதிலிருந்து, இப்போது போகிறதா என்று மூன்றே கேள்வி கேட்டார். கணவரைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னார். வேன் விடுதி முற்றத்துக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டே நுழைந்தபோது, அறைக் கதவு பாதி உடைந்திருந்தது. நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிய, திலின இரும்புச் சட்டத்தோடு அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மிஸ்ஸின் குரலைக் கேட்டும் அவன் சட்டத்தைக் கீழே போடவில்லை. ஜீவராஜின் குரலைக் கேட்ட பிறகுதான் போட்டான்.

ஸஜ்ஜாதைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டொக்டர் அவன் தகப்பன் ஹசனிடம் சொன்னாராம். ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து செய்து அவனை வைத்திருந்தார்கள். தாய் செரீபா வார்டு வாசலிலேயே கிடந்தார். வாரங்கள் போன பிறகே சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. கையில் மாவுக்கட்டும் வாயில் தையலுமாகப் பார்க்கப் போன ஜீவராஜ், தானும் அடித்ததை ஹசனிடம் சொன்னான். மகன் அதைச் சொல்லவே இல்லையே என்றார் அவர். பிறகு சற்று நகர்ந்து, உட்காருங்க மகன் என்று தனக்குப் பக்கத்தில் இடம்விட்டார்.

பொலிஸ் வந்தது. சுதாகரனையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். மகன் பிணையில் வெளியே வந்ததும் வீரய்யா ஜீவராஜின் லயத்து வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, புள்ளைங்க சண்டை, கோர்ட்டுல சாட்சி சொல்லாம விட்டுருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரே தோட்டத்தில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் என்று ஜீவராஜின் அப்பா கணேசமூர்த்திக்கு மனம் இளகியது. மகனைப் பார்த்தார். நாகலெட்சுமிதான் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எம்புள்ள வாய ஒடச்சுப்புட்டு, இப்ப அந்த வாயத் தொறக்காதன்னு சொல்றீங்களாண்ணே?"

வீரய்யா படியிறங்கிப் போனார். அவர் போவதைப் பார்க்க ஜீவராஜுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வழக்கு நாளன்று ஹற்றன் நீதிமன்றத்தின் வெளி விறாந்தையில் சுதாகரன் தனியாக நின்றான். கன்னத்தில் குச்சி கீறிய தழும்பு. ஜீவராஜ் அவனைக் கடந்து போகத்தான் நினைத்தான். கால் நின்றுவிட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். சுதாகரன் தலையைத் திருப்பி, இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தக் காது கேக்காது என்றான்.

பிறகு, யாரோ வேறொருவனுடைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னான். போன வருஷம் இதே பட்டறையில் வைத்து அப்போதைய சீனியர்கள் அவன் காதில் அடித்தார்கள். செவிப்பறை கிழிந்து சீழ் வந்தது. வீட்டில் சொல்லவில்லை. மிஸ்ஸிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவனிடமும் சொல்லவில்லை. வகுப்பில் பாதி கேட்காது. கேட்காததை யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ரெண்டு தரம் பெயிலானான்.

"நீங்க ஓடையில சிரிச்சுப் பேசுறத மேல நின்னு பாத்தேன்," என்றான். "கேக்கல. வாய் அசையிறது மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

அதற்குள் ஜீவராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனான். பட்டறைக் கதவு பூட்டப்பட்டதிலிருந்து கானருகே சேற்றில் விழுந்ததுவரை, தான் அடித்த அடியையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சிங்களத்திலேயே சொன்னான். விறாந்தையில் கேட்டதையும் சொல்லலாமா என்று அவனே நீதவானைக் கேட்டு, அதையும் சொன்னான். சுதாகரன் கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான்.

நீதிமன்றம் முடிந்து, தலவாக்கலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஜீவராஜும் ஸஜ்ஜாதும் திலினவும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஸஜ்ஜாத் பாதியாக மெலிந்திருந்தான். விறாந்தையில் நடந்ததை ஜீவராஜ் சொன்னபோது அவன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ரெண்டு காதும் கேட்டிருந்தாலும் அடிச்சிருப்பான்," என்றான் கடைசியில்.

இருக்கலாம் என்றான் ஜீவராஜ். ஸஜ்ஜாதுக்கு ஒரு பருவம் முழுதும் போய்விட்டது. கீழ் வகுப்போடுதான் இனி உட்கார வேண்டும். அதனால் விட்டுப்போன பாடத்தைச் சொல்லச் சொன்னான். மோட்டார் உடம்பில் ஏன் நில இணைப்புக் கம்பி பூட்ட வேண்டும் என்று ஜீவராஜ் ஆரம்பித்தான். புதிதாகக் கட்டிய பற்களுக்கிடையே சில எழுத்துகள் இன்னமும் சீறின. பஸ் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று அவன் உரக்கப் பேசினான்.

முன் சீட்டில் சாக்குப் பையோடு இருந்த பேச்சியம்மா என்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க கரண்டு படிக்கிற புள்ளைங்களா? மழ பேஞ்சா எங்க லயத்துல தண்ணிக் கொழாயத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது. போன மாசம் எம்மக கை வெச்சு, தூக்கிப் போட்டுருச்சு. தோட்டத்துத் தொரை கிட்ட சொன்னா ஆள் அனுப்புறேன்னாரு, யாரும் வரல. அது என்னத்தால அப்புடி?"

ஜீவராஜ் யோசித்தான். பல காரணம் இருக்கலாம் என்றும், பார்க்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னான். ஸஜ்ஜாத் முன்னால் சாய்ந்தான். எல்லா வீட்டிலுமா, ஒரு வீட்டில் மட்டுமா? வெயில் நாளில் இழுக்காதா? குழாய் பக்கத்தில் யாராவது வயர் இழுத்திருக்கிறார்களா? அவள் ஒவ்வொன்றுக்கும் வேகமாகப் பதில் சொல்லச் சொல்ல, என்ன சொல்கிறார் என்று திலின ஜீவராஜின் விலாவில் இடித்தான். ஜீவராஜ் சிங்களத்தில் சொன்னான். யாராவது நில இணைப்புக் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்களா என்று திலின உடனே கேட்டான். அதை ஜீவராஜ் தமிழில் திருப்பி அவளிடம் கேட்டான். அதைக் கடைசி வீட்டுக்காரனைத்தான் கேட்க வேண்டும் என்றாள்.

லிந்துலையில் பஸ் நின்றது. ஸஜ்ஜாத் இறங்கவில்லை. கடை வாசலில் நின்ற தகப்பனுக்கு யன்னலால் கையைக் காட்டி, பிந்தி வருவதாகச் சொன்னான். பஸ் மறுபடி கிளம்பியபோது, அந்த லயத்துக்கு எந்தச் சந்தியில் இறங்க வேண்டும் என்று அவன் பேச்சியம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.